கண்டக்டர் வீட்டுக் கார்

காலை ஆறரைக்கு தனசேகரன் காரின் மேலிருக்கும் சாம்பல் நிற உறையை உருவுகிறார். அதை நான்காக மடித்து, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்து, துவைக்கிற கல்லின்மேல் வைக்கிறார். பிறகு பனியன் துணியால் கண்ணாடி, கதவு, சக்கரத்தின் வெள்ளி வளையம் என்று ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். ஏழு மணிக்கு உள்ளே உட்கார்ந்து இன்ஜினைப் போடுகிறார். பத்து நிமிடம் அது உறுமுகிறது. அணைத்துவிட்டு இறங்கி, உறையைத் திரும்பப் போர்த்துகிறார். கார் ஓரடிகூட நகர்வதில்லை.

சிங்கவரம் சாலையில் அவர் வீட்டுக்கு எதிர்வீடு என் அக்காவுடையது. விடுமுறையில் வந்த நாளிலிருந்து என் காலைக் காப்பி அந்த உறுமலோடுதான். ஒருநாள் கேட்டேவிட்டேன். "பேட்டரி எறங்கிடக் கூடாதில்ல?" என்றார்.

முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டர். செஞ்சி–திண்டிவனம், செஞ்சி–திருவண்ணாமலை. இன்றும் ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில்தான் செருகுகிறார். டீக்கடையில் நின்று பேசும்போதும் தரை எந்த நேரமும் குலுங்கலாம் என்பதுபோல் கால்களை அகட்டி வைத்துக்கொள்கிறார். இரண்டு ஊருக்கும் போகிற வழியில் எந்த வளைவில் எந்த மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஸ்டியரிங்கைத் தொட்டது மட்டும் ஓய்வு பெற்ற பிறகுதான்.

கார் வாங்கியது மனைவி கமலாம்பாளுக்காக. அவருக்கு முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் திண்டிவனத்துக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ் படி ஏறுவதே பெரும்பாடு. "இனிமே நீ படி ஏற வேணாம்மே" என்று சொல்லி, ஓய்வில் வந்த பணத்தில் ஒரு பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

வாங்கிய வாரமே இருவரும் பனமலைக் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஏரிக்கரை ஏற்றத்தில் ஆடுகள் குறுக்கே வர, காரை நிறுத்தினார். மறுபடி எடுக்கும்போது அது பின்னால் உருண்டுவிட்டது. பின்னால் நின்ற பால்காரரின் மொபெட் சாய்ந்து, கேன் பால் மொத்தமும் தார் ரோட்டில் ஓடியது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. "இன்னா கண்டக்டரே, பஸ்ஸு பின்னால வந்தா விசிலடிச்சு ஊரையே கூட்டுவியே, இன்னிக்கு அடிக்கலியா?" என்று பால்காரரே சிரித்தாராம். தனசேகரன் சிரிக்கவில்லை. திண்டிவனம் சாலையில் காருக்கு அலங்காரச் சாமான் மாட்டும் கடை வைத்திருக்கும் குருவுக்குப் போன் போட்டு வரவழைத்தார். குரு ஓட்டித்தான் கார் வீடு வந்து சேர்ந்தது.

மாட்டுகிற வேலை மறுநாளே ஆரம்பமாகிவிட்டது. முதலில் பின்பக்கம் காட்டும் கேமரா. அடுத்து, ஏதாவது நெருங்கினால் கீச்சிடும் சென்சார். முன்னும் பின்னும் இரும்புத் தடுப்பு. பனிக்கு மஞ்சள் விளக்கு. ஆடு மாடு ஒதுங்குவதற்குப் பஸ் ஹாரன். பக்கக் கண்ணாடிகளில் தெரியாத மூலையும் தெரியட்டும் என்று இரண்டு குமிழ்க் கண்ணாடிகள். இத்தனையிலும் காசில்லாமல் வந்தது ஒன்றுதான்: அவருடைய பழைய விசில். சிவப்புக் கயிற்றோடு நடுக்கண்ணாடியில் தொங்குகிறது.

"காரு ஒன்னேமுக்கா லட்சம். அதுக்கு மாட்டுனது ஒரு லட்சத்தத் தாண்டிப் போயிட்டுது" என்று என் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் கமலாம்பாள். "இவரு காரு வாங்கல, மருமவள கூட்டியாந்துருக்காரு. நக போட்டு மாளல. வாசல தாண்டுவேனாங்குது."

"இன்னும் ஒரே ஒரு வேல இருக்குது. முடிஞ்சா எடுத்துரலாம்" என்றார் தனசேகரன், காருக்குள்ளிருந்து.

போன வாரம் செவ்வாய்க்கிழமை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவர்கள் ஏறிய தனியார் பஸ்ஸுக்கு நானும் நின்றேன். மனைவியின் இடுப்பைத் தாங்கி ஏற்றிக்கொண்டிருந்தார் தனசேகரன். கமலாம்பாளின் ஒரு கால் படியில், இன்னொன்று தரையில். உள்ளே நெரிசலில் கண்டக்டர் பையனுக்கு அது தெரியவில்லை. இரண்டு விசில். பஸ் அசைந்தது.

"ஓல்டான்!"

கண்டக்டர்கள் வண்டியை நிறுத்தப் போடும் அந்தப் பழைய குரலில் பஸ் மட்டுமல்ல, ஸ்டாண்டே நின்றது. அதற்குள் கமலாம்பாளின் முழங்கால் படியில் இடித்துப் புடவையில் ரத்தம் கசிந்திருந்தது. "தெரியல நைனா, சாரி நைனா" என்று பதறிக்கொண்டு இறங்கி வந்தான் அந்தப் பையன். தனசேகரன் திட்டவில்லை. "பாக்காம விசிலடிக்காத தம்பி" என்றார்.

மறுநாள் காலையில் உறையை உருவவில்லை. நேராகக் குருவின் கடைக்குப் போனார். நானும் கூடவே போனேன்.

"குரு, ஏத்தத்துல பின்னால உருளாத மாதிரி எதனா சாமான் இருக்குதா?"

"இருக்குது கண்டக்டரே. கிளட்ச்சு, ஆக்ஸிலேட்டர்னு ரெண்டு. வாங்கும்போதே போட்டுதான் வந்துருக்குது."

"வெளயாடாதடா."

"வெளயாட்டு இல்ல. இனிமே உன் வண்டில மாட்டறதுக்கு எடமே இல்ல. மாட்டியே ஆவணும்னா இன்னொரு காரு வாங்கணும். என் யாவாரத்த நானே கெடுத்துக்கினு சொல்றேன், எடுத்து ஓட்டு."

தனசேகரன் கடையில் தொங்கிய ஸ்டியரிங் உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தோரு வருஷமா நான் சொல்லித்தான் வண்டி போச்சு. நான் நில்லுன்னா நின்னுச்சு. இப்ப எனக்கு யாரு சொல்றது?"

குரு அலமாரியைத் திறந்தான். எலுமிச்சை வாசனை வீசும் ஒரு சின்னப் புட்டியை எடுத்துச் சும்மாவே கொடுத்தனுப்பினான்.

நேற்று செவ்வாய்க்கிழமை. முழங்காலில் கட்டோடு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த கமலாம்பாள் தெருவுக்குப் போகவில்லை. காரின் இடப்பக்கக் கதவருகே போய் நின்றுகொண்டார். தனசேகரன் உறையை உருவினார். அதை மடிக்கவில்லை, அது வாசலிலேயே குவிந்து கிடந்தது.

இருவரும் ஏறினார்கள். இன்ஜின் உறுமத் தொடங்கியது. அவர் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், இடப்பக்கத்தைப் பார்த்தார், கேமராத் திரையைப் பார்த்தார். பிறகு உடம்பைத் திருப்பி, காலியாகக் கிடந்த பின் சீட்டை ஒருமுறை பார்த்தார். ஐந்து நிமிடம் போனது. பத்தும் ஆகப்போகிறது. நான் காப்பி டம்ளரை அக்கா வீட்டுத் திண்டில் வைத்துவிட்டேன்.

"எல்லாரும் ஏறியாச்சுய்யா" என்றார் கமலாம்பாள்.

தனசேகரனின் கை கியரின் மேல் அப்படியே இருந்தது.

கமலாம்பாள் நடுக்கண்ணாடியிலிருந்து விசிலைக் கழற்றினார். அதன் வாயை முந்தானையால் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, நிதானமாக, இரண்டு விசில் அடித்தார்.