சகலையின் உப்புத்தாள்

என் மனைவியின் தங்கை போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறாள். அவள் புருஷன், அதாவது என் சகலை, அதை நிர்வாகம் பண்ணுகிறானாம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்குப் பெயர் நிர்வாகம். எதைக் கண்டாலும் பிரித்துப் போடுவான். திரும்ப மூடுவது மற்றவர்கள் தலையெழுத்து.

ஒரு தையல் கம்பெனியில் தொழிலாளர்கள் எல்லோரையும் நிறுத்தி ஒரே படமாக எடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. நன்றாக அமைந்தால் கம்பெனியின் மொத்த வேலையும் அவளுக்கே. படம் எடுப்பதற்கு முதல் நாள் பார்த்துக் கேமரா மக்கர் பண்ணியது. கிட்டே நின்றே பெரிய கூட்டத்தை அடக்கும் அகல லென்ஸை மாட்டினால், லென்ஸே இல்லை என்றது.

"கேமராவும் லென்ஸும் தொட்டுக்கற புள்ளிகள்ல அழுக்கு. ஸ்பிரிட் வாங்கிட்டு வந்து துடைச்சுக்கறேன். நீங்க கை வைக்காதீங்க."

சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். கை வைக்காதே என்றால்தான் இவனுக்குக் கை நமநமக்கும்.

நான் உள்ளே நுழைந்தபோது, உப்புத்தாளை மடித்து அகல லென்ஸின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க சகலை, ஒரே மஞ்சக் கறை. வெள்ளையாக்கிட்டேன்!"

அந்த மஞ்சள், தங்க முலாம். புள்ளிகள் கறுக்காமல் இருக்கப் பூசியது. அதைப் பல் விளக்குவதுபோல விளக்கி எடுத்துவிட்டு இளிக்கிறான்! பக்கத்தில் இருந்த சாதாரண லென்ஸுக்கும் கை நீட்டினான். அதற்குள் அவள் வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அதுலயும் மஞ்சளா இருக்கேம்மா!"

"தேய்க்கணும்னா உங்க மண்டையைத் தேய்ங்க."

கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றினாள். மெல்லிய துணியில் துளி ஸ்பிரிட்டைத் தொட்டு, உள்ளே வழியாமல், புள்ளிகளை மெதுவாகத் துடைத்துக் காயவிட்டாள். அவ்வளவுதான் வேலை. இரண்டாவது லென்ஸ் பிழைத்தது. அகல லென்ஸ் போனது போனதுதான்.

மறுநாள் கம்பெனி முற்றத்தில், சாதாரண லென்ஸில் பாதிப் பேர்தான் படத்துக்குள் அடங்கினார்கள். அவள் பின்னாலேயே நகர்ந்து, கேட்டைத் தாண்டி, ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

"போய் வண்டிங்களை நிறுத்துங்க!"

சகலை நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றான். ஒரு லாரிக்காரன் திட்டியதை இங்கே எழுத முடியாது. சகலையின் ஜாதகத்துக்கே பொருத்தமான வேலை அன்றுதான் கிடைத்தது.

படத்தைப் பார்த்த மேனேஜர், "ஓரத்துல நிக்கறவங்க மூஞ்சிகூட இழுத்த மாதிரி இல்லையே! இனிமே நீங்களே எடுங்கம்மா" என்றார். அகல லென்ஸில் கிட்டே நின்று எடுத்திருந்தால் ஓர முகங்கள் இழுபட்டிருக்குமாம்.

சகலை என் காதருகே வந்தான்.

"அந்த லென்ஸை நான் தேய்க்கலேன்னா இந்தப் படம் வந்திருக்குமா, சொல்லுங்க?"

நான் ரோட்டைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு லாரிகூட வரவில்லை.