பண்ணாடியின் காம்ப்ளெக்ஸ்

காலையில் வந்து இறங்கியதும் நாச்சிமுத்து காலிக் கடைகளின் ஷட்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவிடுகிறார். உள்ளே ஒன்றும் கிடையாது. ஒரு கடையில் கிழிந்த சிமெண்டுச் சாக்கு, இன்னொன்றில் போன வருஷத்துக் கடலைக்காய்த் தோல், அடுத்ததில் எவனோ விட்டுப்போன உடைந்த தராசுத் தட்டு. ஆனாலும் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். “சாத்தி வெச்சிருந்தா எழவு உளுந்த ஊடாட்டம் இருக்குதுங்க” என்பார். திறந்து வைத்தால் மட்டும் கல்யாண வீடாகிவிடுமா என்று அவரிடம் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் இறக்கிப் பூட்டுகிறார். வியாபாரமே இல்லாத கடைகளுக்கு இத்தனை ஒழுங்காகத் திறப்பும் அடைப்பும் நடப்பது சேலம் ஜில்லாவிலேயே இங்கேதான்.

ஓமலூர் சாலையில், ஃபேர்லேண்ட்ஸ் வீடுகள் முடிந்து காடுகரை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்தக் கட்டடம். ‘நாச்சிமுத்து ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்’ என்று பலகை சொல்கிறது. டவுன் பஸ் கண்டக்டர்கள் “பண்ணாடி பங்களா எறங்கு” என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். பண்ணாடி என்பது காட்டில் வேலை செய்கிற ஆட்கள் நிலத்துக்காரரைக் கூப்பிடும் பெயர். கண்டக்டர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று நாச்சிமுத்துவுக்கு இன்றுவரை புரியவில்லை. தன் பெயரும் புகழும் பஸ் ஏறிவிட்டதாக உள்ளூர மகிழ்ந்துகொண்டிருக்கிறார்.

இரும்பாலை வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலத்தில் அவர் ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூர் போனார். போன இடத்தில் மாடி வைத்த கடைத்தெரு ஒன்றைப் பார்த்துவிட்டார். ஒரே கூரைக்குக் கீழே துணி, வளையல், கடிகாரம், ஐஸ்கிரீம். சனங்கள் கையை வீசிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். “வாங்கறவன் பாதி, சும்மா சுத்தறவன் பாதிங்க. சும்மா சுத்தறதுக்குக் கூடவா நம்மூர்ல ஆளில்ல?” என்று திரும்பி வந்தவர், நன்றாக விளைந்துகொண்டிருந்த கடலைக்காட்டில் அஸ்திவாரம் தோண்டினார்.

இஞ்சினியர் போட்டுக் கொடுத்த பிளானில் கடைகள் எல்லாம் சாலையைப் பார்த்து இருந்தன. நாச்சிமுத்து அதை ஒரு பார்வை பார்த்தார். “ரோட்டப் பாத்து ஆளாளுக்கு வாசல் வெச்சா, எவன் வாரான் எவன் போறான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். கடைசியில், ஊரில் உள்ள தம் வீட்டைப் போலவே கட்டினார் நாச்சிமுத்து. நடுவில் முற்றம், நாலு பக்கமும் முற்றத்தைப் பார்த்த கடைகள், வெளியே போக வர ஒரே ஒரு வாசல், அந்த வாசலை ஒட்டி அவருக்கு ஓர் அறை. பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் நீளமான பின்சுவர் மட்டுமே. எழுபத்தேழில் திறப்பு விழா நடந்தபோது, ஏதோ சப்ஜெயில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு.

சப்ஜெயிலுக்குள் நுழைவது இதைவிடச் சுலபம். அறையை விட்டு எழுந்து வந்து நாச்சிமுத்து வாசலில் நிற்பார். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் மறித்து, “ஆருங்க? எந்த ஊருங்க? ஆரு ஊட்டு ஒறம்பரைங்க?” என்று விசாரிப்பார். ஒரு ஊக்கு வாங்க வந்தவள் தன் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் சொல்லித் தீர வேண்டும். பிறகு செருப்பைக் கழற்ற வேண்டும். மொசைக் தரை கெட்டுவிடும் என்று வாசலில் பலகையே மாட்டியிருந்தார். வெயிலில் கொதிக்கிற முற்றத்தைச் சனங்கள் வெறுங்காலோடு குதித்துக் கடந்தார்கள். மறுமுறை அவர்கள் ஊக்குக்கு டவுனுக்கே போனார்கள்.

ஃபேன்சி ஸ்டோர் போனது. தையல்கடை போனது. மருந்துக்கடைக்காரர் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் அலமாரியோடு போய்விட்டார். மிஞ்சியவை இரண்டு: ஒரு சோடாக்கடையும், வேலுமணியின் ரேடியோ ரிப்பேர்க் கடையும். வேலுமணி நாச்சிமுத்துவுக்குப் பங்காளி முறை. அதனால்தான் அவன் போகவில்லை. அதனால்தான் அவனால் பேசவும் முடிகிறது. “ஏனுங்கண்ணா, சாமான் வாங்க வர்றவனப் பொண்ணுப் பாக்க வந்தவனாட்டம் விசாரிச்சா எவனுங்க வருவான்?” என்று ஒருநாள் கேட்டான். “ஆரு என்னன்னு தெரியாதவன எப்படிரா உள்ள உடறது? கட்டடம் என்றதில்ல?” என்றார் நாச்சிமுத்து. கட்டடம் அவருடையதுதான். அதைத்தான் எல்லோரும் அவருக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

மாடி முழுவதும் ஒரே கூடம். அதில் ஒருநாளும் யாரும் கடை வைத்ததில்லை. கடலைக்காய் மூட்டை அடுக்குவார்கள். திருச்செங்கோட்டில் போர்க்குழாய் போடுகிற ரிக் வண்டி வைத்து ஓகோவென்று இருக்கிற மச்சினன் சின்னண்ணன், விசேஷ வீடுகளில் பந்தி நடுவே சத்தமாகக் கேட்பார்: “ஏனுங் மச்சான், இந்த வருஷம் எங்க கடலக்காயும் கொஞ்சம் உங்க காம்ப்ளெக்ஸுல காயப்போட்டுக்கலாமுங்களா?” இலை இலையாகச் சிரிப்பு பரவும். நாச்சிமுத்து ரசத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். மாடியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வந்தால் இந்த வாய்களெல்லாம் அடைபடும். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் சிக்கவும் செய்தார். குழந்தைவேல் அம்மாபேட்டையில் தறிச்சத்தத்தில் வளர்ந்தவர். டவுனில் கடை வைத்துப் பெயரெடுத்திருந்தார். இரண்டாவது கடைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். “எடம் ஒரு பெரிய விசயமில்லீங்க. சனம் வந்து போகுதான்னு ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றனுங்க” என்று சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை வருவதாகச் செய்தி.

சனத்துக்கு எங்கே போவது? நாச்சிமுத்துவுக்கு மூளையும் அவ்வப்போது வேலை செய்யும். எண்பத்து நாலு ஐப்பசி அது. காட்டில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்குவதை நிறுத்தச் சொன்னார். அத்தனை ஆட்களையும் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த துணியைக் கட்டிக்கொண்டு வரச்சொல்லி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, காட்டு வழியாகக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். செருப்புப் பலகையைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் ஒளித்தார். பிறகு பாடம் நடந்தது.

“நீங்கெல்லாம் ஆரு? சாமான் வாங்க வந்த சனம். நீங்க நாலு பேரு படி ஏறி எறங்கிக்கிட்டே இருக்கோணும். கருப்பண்ணா, நீ வேலுமணிகிட்ட ரேடியோவ வெல கேளு. கொறச்சுக் கேக்கோணும், கேட்டியா? ஆராயி, நீ இந்த நாற்காலில உக்காந்து கலர் சோடா குடி. ஆரு வந்தாலும் எந்திரிக்கப்படாது. என்னைய உங்களுக்குத் தெரியவே தெரியாது. நான் வந்தாக்கூடக் கண்டுக்கப்படாது.”

“ஆகட்டுங்க சாமி” என்றார்கள் எல்லோரும், கையைக் கட்டிக்கொண்டு.

அந்தக் கையைப் பார்த்தாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற கை. அது கட்டியிருப்பதே அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குழந்தைவேலின் கார் வந்து நின்றது. நாடகம் பிரமாதமாக நடந்தது என்றே சொல்ல வேண்டும். படியில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கருப்பண்ணன் ரேடியோவைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்குப் போயி இந்த வெலையா?” என்று வேலுமணியை உண்மையாகவே அதட்டிக்கொண்டிருந்தான். காட்டுவேலைப் பெண்கள் சிரித்துப் பேசினார்கள். கட்டடம் கட்டியதிலிருந்து அதற்குள் இத்தனை சத்தம் கேட்டதில்லை. வாசலில் நின்றபடியே குழந்தைவேலின் முகம் மலர்ந்தது. “பரவால்லீங்களே” என்றார்.

“தெனமும் இப்படித்தானுங்க” என்று சொல்லிக்கொண்டு, தொண்டையைச் செருமியபடி நாச்சிமுத்து முற்றத்துக்குள் காலெடுத்து வைத்தார்.

அந்தச் செருமல் போதும். கருப்பண்ணனின் தோளில் இருந்த துண்டு இறங்கி அக்குளுக்குள் போனது. கால் தானாகச் செருப்பை விட்டு நழுவியது. ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு, “கும்புடறனுங்க சாமி” என்றான். படியில் இருந்தவர்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சுவரோடு சுவராக ஒட்டி வழி விட்டார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார்கள். முற்றம் முழுவதும் அங்கங்கே ஜோடி ஜோடியாகச் செருப்புகள். பேச்சு அடங்கிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பாவம், சொன்னதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன உடம்பு. சொன்னவர் இவர்தான், இவருடைய அப்பாதான், அவருக்கும் முந்தியவர்கள்தான்.

குழந்தைவேல் செருப்புகளைப் பார்த்தார். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர், சிரித்திருந்தாலும் தப்பில்லை.

“மேல போயி பாத்துருவமுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“வேண்டாமுங்க” என்றார் குழந்தைவேல் மெதுவாக. “நம்ம கடைக்கு வர்ற பொம்பளைங்க என்னையவே ‘அதை எடு, இதைப் பிரி, அது நல்லால்ல’ன்னு வெரட்டுவாங்கங்க. அந்தச் சனம் வோணுமுங்க எனக்கு. வாரனுங்க.”

கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. வேலுமணி ரேடியோவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. சாயங்காலத்துக்குள் செய்தி திருச்செங்கோட்டுக்குப் போய்விடும். அடுத்த பந்தியில் இலை போடும்போதே சின்னண்ணன் ஆரம்பித்துவிடுவார். மாடியும் போனது, மானமும் போனது. கெடுத்தது யார் என்று நாச்சிமுத்து முற்றத்தைச் சுற்றிலும் பார்த்தார். கைகட்டி நின்றவர்கள் மேல் அவர் பார்வை நிற்கவே இல்லை; அவர்கள் நிற்பதில் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

சோடாக்கடை முன்னால் ஆராயி உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி குடித்த கலர். அத்தனை பேரில் சொன்னதைச் சொன்னபடி செய்தவள், கடைக்கு வந்தவளைப் போலக் கடைசிவரை இருந்தவள், அவள் ஒருத்திதான்.

நாச்சிமுத்து நேராக அவளிடம் போய் நின்றார்.

“ஏண்டி, நான் வாரது உன்ற கண்ணுக்குத் தெரியல?”

“தெரிஞ்சுதுங்க சாமி. ஆரு வந்தாலும் எந்திரிக்கப்படாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“அது ஊருக்குச் சொன்னது. எனக்குமா?”

ஆராயி பாட்டிலைக் கீழே வைத்தாள். எழுந்து சுவரோரமாகப் போய் மற்றவர்களோடு நின்றுகொண்டாள். நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை உருவி, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சாய்மானத்திலிருந்து கால்வரைக்கும் அழுத்தித் துடைத்தார். துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார்.