கூர்ப்புக்கு எதிராக நான் வாங்கிய சத்தியம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுப் போனது. ஆறில் ஒன்றையும் பசியோடு படுக்க விட்டதில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது எனக்குப் பெருமையான விடயம் இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத ஒரு கிழமை செல்லும். செல்லட்டும், எனக்கு அவசரம் இல்லை.

பெற்ற நாலில் ஒன்றுதான் பெண், தங்கச்சியின் இரண்டும் ஆண். எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியில் வரும். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோயிலில் எந்த நாள் யாருடைய சடங்கு என்பதும் அதை வைத்துத்தான். வீடும் பெண் பிள்ளைக்குத்தான் போகும். ஆகவே எனக்குப் பிறகு என் குடி தொடர்வதற்கு அவள் ஒருத்திதான் வழி. அவளை இன்னொருத்தியோடு பங்குபோட எனக்கு மனம் இருக்கவில்லை.

சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பாதியில் இடம்பெயர்ந்த சனம் இருந்தது, மிச்சப் பாதியில் வகுப்பு நடந்தது. உயிரியல் படிப்பிக்க ஒருவரும் வராத ஊருக்கு நகரத்திலிருந்து ஒரு ரீச்சர் வந்தார். கல்யாணம் ஆகாதவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கரையோரம் ஒரு வீட்டில் அறையெடுத்துத் தங்கினார். ஞாயிறு தோறும் தோணியேறி, அக்கரையில் ஆமிக்காரனுக்கு அடையாள அட்டை காட்டி, தன் கோயிலுக்குப் போய் வருவார். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது என் வாயில் ‘அவள்’ என்றுதான் வந்தது.

என் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் ஏ.எல். சோதனைக்குப் படித்தாள். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அடுப்படியில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு அன்று நடந்தது முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உடுப்பு மாற்றுவாள். ரீச்சர் வந்த பிறகு அங்கே சொல்லி முடித்துவிட்டு இங்கே சும்மா வந்தாள். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றாள், ரீச்சர் சீனி போடுவதில்லை. தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். ஒரு நாள் மத்தியானச் சோறு தின்று முடிப்பதற்குள் ‘ரீச்சர்’ என்று ஏழு தரம் சொன்னாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நான் வாவியில் பிடித்த செத்தல் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, நாமளும் ஆதியில மீன் மாதிரி ஒரு உயிர்ல இருந்துதான் வந்த தெரியுமா? குரங்கும் நாமளும் ஒரே வழியாம்.”

“ஆரு சொன்ன?”

“ரீச்சர். கூர்ப்பு எண்டு ஒரு பாடம் இரிக்கி. அதில வருது.”

பாருங்கள், என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. யார் சொன்னது என்றுதான் கேட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு மீனைக் கழுவியிருப்பேன். அன்று கையில் இருந்த சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, “எங்கட அம்மன் படைச்ச பிறப்பைக் குரங்கு எண்டுறாளா அவள்?” என்று கத்தினேன்.

என் புருஷனிடம் முறையிட்டேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு நிமிராமலே சொன்னார்: “உன்ட அண்ணன்மாரைப் பார்த்த பிறகும் உனக்குச் சந்தேகமா கா?”

அம்மன் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரிடம் போனேன். அவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். “பெருமாள் முதல்ல மீனா வந்தார், பிறகு ஆமையா வந்தார், பிறகு பண்டியா வந்தார். இதைத்தான் அவங்களும் சொல்றாங்க போல” என்று வெற்றிலையைக் குதப்பினார். சாமிக்காரருக்கே கோபம் வரவில்லை.

கோபப்பட்டவர் ஒருவர்தான். காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, ‘நானா’ என்று கூப்பிடுவோம். பாதை மூடியிருந்த காலத்தில் வராமல் இருந்து, மீண்டும் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தார். “அப்பிடிச் சொல்லப்படாது தங்கச்சி. ஆதம் நபியை அல்லாஹ் மண்ணால படைச்சான். எங்கட கிதாபில தெளிவா இரிக்கி” என்றார். எனக்கு அவர் மேலும் எரிச்சல் வந்தது. அவருக்கு மறுப்பதற்கு ஒரு புத்தகம் இருந்தது, அதை வாசிக்கவும் தெரிந்திருந்தது. என் அம்மன் குரங்கைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லையே.

கடைசியில் ரீச்சரிடமே போனேன். வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிச் சீனி இல்லாத தேத்தண்ணி தந்தார். நான் தொடவில்லை.

“ஞாயித்துக்கிழம எண்டா தோணியேறிக் கோயிலுக்குப் போறீங்க. உங்கட வேதத்திலயும் மண்ணாலதானே மனிசனைச் செஞ்ச? பிறகு என்ட பிள்ளைக்கு வேற கதை சொல்றீங்க. இதில எது பொய்?”

“ரெண்டும் பொய்யில்ல அம்மா. ஆர் படைச்ச எண்டதைக் கோயில்ல கும்பிடுறன். எப்பிடிப் படைச்சார் எண்டதை வகுப்பில படிப்பிக்கிறன். எங்கட அப்பாவும் உங்களைப் போலதான். இதுக்காக என்னோட ஒரு மாசம் கதைக்கல்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “உங்களுக்குக் குடி தாய்வழிதானே. உங்கட அம்மா, அவட அம்மா, அவட அம்மா எண்டு மேல மேல போய்ப் பாருங்க. ஒரு இடத்தில உங்கட ஆளும் எங்கட ஆளும் ஒராள்தான். இன்னும் மேல போனா…”

“நிப்பாட்டுங்க” என்றேன்.

என் குடியை எடுத்து எனக்கே பாடம் சொல்கிறாள் என்று கொதித்தது. ஆனால் அதைவிட என்னைச் சுட்டது யன்னலில் இருந்த சீப்பு. என் மகளின் சீப்பு. நான் சந்தையில் வாங்கிக் கொடுத்தது. அவள் இங்கே இருந்து தலை சீவிக்கொள்கிறாள்.

அந்த வைகாசியில் சடங்கு வந்தது. எங்கள் அம்மன் கோயில் கதவு வருடத்தில் ஒரு முறைதான் திறக்கும். சில நாள் சடங்கு, பிறகு அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி ஆடிக் கதவை மூடினால் அடுத்த வைகாசிதான். எங்கள் குடியின் மடைப்பெட்டியை, அதாவது அம்மனுக்குக் கொண்டுபோகும் படையல் பெட்டியை, என் மகள் தலையில் தூக்க வேண்டிய வருடம் அது. நான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். “சத்தியம் பண்ணினாத்தான் சோறு, சத்தியம் பண்ணினாத்தான் பெட்டி” என்றேன். திறந்த கதவுக்கு நேரே நிறுத்திச் சொல்லிக் கொடுத்தேன்: “ரீச்சர் சொன்ன குரங்குக் கதையை வாயால சொல்ல மாட்டன், கையால எழுத மாட்டன்.” கையால் என்பதை ஒரு அழுத்தத்துக்காகத்தான் சேர்த்தேன். அவள் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இனிச் சாப்பிடுங்க அம்மா” என்றாள்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்று மூன்று கோப்பை சோறு தின்றேன்.

ஆவணியில் ஏ.எல். சோதனை. உயிரியல் எழுதிய அன்று பின்னேரம் ரீச்சர் எங்கள் வளவுக்குள் ஓடி வந்தார், கையில் கேள்வித்தாள்.

“புள்ள, இந்தக் கட்டுரை எழுதினியா? கூர்ப்பு அப்பிடியே வந்திரிக்கி. நீ கண்ணை மூடிக்கொண்டு எழுதுவியே.”

“எழுதல்ல ரீச்சர்.”

“நேரம் காணல்லையா?”

“நேரம் இருந்த. அம்மன்ட வாசல்ல சத்தியம் பண்ணின நான். கையால எழுத ஏலாது.”

ரீச்சர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதார். என் மகள் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் எனக்கு எரிந்தது. பிள்ளையின் படிப்பை நான் கெடுத்து வைத்திருக்கிறேன், அந்த நேரத்திலும் அவள் யாரைப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் என் கண் பார்த்தது. என்னைப் போல ஒருத்தியைத் தாயென்று கொடுத்தாயே என்று அம்மனைக் கேட்டேன்.

சோதனை மறுமொழி வந்தது. கொஞ்சப் புள்ளியில் பல்கலைக்கழகம் தவறிப்போனது. மறுபடி எழுதலாம் என்றார்கள். ஆனால் அந்தப் பாடத்தை அவள் தொடவில்லை. “சத்தியத்தை விட்டன் மனே, படி” என்று மகளிடம் கெஞ்சினேன். “நீங்க விட்டாலும் அம்மன் விடல்லையே” என்றாள். கட்டாடியாரும் அதையே சொன்னார்: “திறந்த வாசல்ல வாங்கின சத்தியத்தைத் திறந்த வாசல்லதான் திருப்பலாம். கேட்டவதான் சனத்துக்கு முன்னால திருப்பிக் கேட்க வேணும்.” அடுத்த வைகாசி வரை என் மகள் மற்றப் பாடங்களைப் படித்தாள். அந்த ஒரு பாடத்தின் கொப்பி மட்டும் மூடிக் கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கதவு திறந்த அன்று எல்லாக் குடியும் நின்றது. ரீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்கு வெளியே நின்றார். கட்டாடியார் சத்தமாகக் கேட்டார்: “என்னத்துக்காக இந்தச் சத்தியத்தை வாங்கின நீங்க?”

சாமிக்காக என்று சொல்லத்தான் போனேன். ஒரு வருடமாக ஊருக்கு அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் உள்ளே விளக்கு எரிகிறது, அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளிடம் அந்தப் பொய்யை எப்படிச் சொல்வது?

“எரிச்சல்ல வாங்கின” என்றேன். “பிள்ளை அந்த ரீச்சர்ட பக்கம் போயிட்டாள் எண்டு எரிச்சல். சாமிக்காக இல்ல.”

பின்னால் ஒருத்தி சிரித்தாள். கட்டாடியார் மஞ்சள் தண்ணியை மகளின் இரண்டு கையிலும் ஊற்றினார். அந்தக் கையோடு அவள் நேரே ரீச்சரிடம் போய்ப் பாடம் கேட்டாள். சோதனைக்கு மூன்று மாதமும் கிடையாது. பின்னேரங்களில் நானே அவளைக் கூட்டிப் போய்விட்டு, வாசலில் குந்தியிருந்து கூட்டி வந்தேன். உள்ளே அவர்கள் சிரிப்பது கேட்கும்.

அந்த முறை எழுதினாள், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். இன்று அவளே உயிரியல் படிப்பிக்கிறாள், நான் அவள் வீட்டில் இருக்கிறேன். ரீச்சர் மாற்றலாகிப் போனபோது துறையடியில் நின்று அவள் அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை.

குரங்கில் இருந்து வந்தோமா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. என் தாய்வழியில் ஐந்து பேரின் பெயர் சொல்வேன். அதற்கு மேலே யார் இருந்தார்கள் என்று அம்மனுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் தெரியும்: மறுக்கிற எல்லாரும் சாமிக்காக மறுப்பதில்லை. நம்புகிற எல்லாரும் படித்ததால் நம்புவதும் இல்லை. என் மகள் முதலில் நம்பியது ரீச்சரை. நான் மறுத்ததும் ரீச்சரைத்தான்.

இவ்வளவும்தான். இங்க வா மனே, அம்மம்மாட இந்தக் கொப்பியைப் பிடி. என்ட எழுத்து உனக்கு விளங்குதா எண்டு ஒருக்கா முழுக்க வாசிச்சுக் காட்டு. உன்ட அம்மா குசினிக்குள்ள இரிக்கா, ரீச்சரைப் பற்றி வாற இடத்தில மட்டும் சத்தத்தைக் குறை.