ஏலத்துக்கு முந்தைய மூச்சு

என் அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவள். விடியற்காலையில் அவள் கூவினால் ஐஸ் வண்டிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். மருத்துவக் கல்லூரி விடுதிக்கு அவள் வந்தபோதெல்லாம் அந்தக் குரலுக்கு வெட்கப்பட்டு, "மெதுவாப் பேசும்மா" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அவ்வளவு புத்திகெட்டவள் நான்.

இரண்டு வருடமாக அவளுக்கு எலும்பு வலி. கூடை தூக்கியதால் என்று நாங்களே முடிவுகட்டி, வாரம் முழுக்க நெத்திலியாய்ச் சமைத்துப் போட்டோம். ஸ்கேன் டாக்டரான நானும் கால்சியம் மாத்திரை வாங்கித் தந்தேன். சிறுநீரகக் கல் வந்த பிறகு ரத்தம் பார்த்தால், கால்சியம் ஏற்கெனவே எகிறிக் கிடந்தது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று வீங்கி, எலும்பிலிருந்த கால்சியத்தை ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

எது என்றுதான் தெரியவில்லை. இரண்டு இடத்தில் ஸ்கேன் எடுத்தும் சிக்கவில்லை.

"இடம் தெரிஞ்சா ஒரு பக்கம் சின்னதா திறந்து எடுத்துடலாம். இல்லன்னா ரெண்டு பக்கமும் தேடணும். குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுது" என்றார் அறுவை மருத்துவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். "தொண்ட பூட்சின்னா அப்பால நான் இன்னாடி பண்ணுவேன்?"

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் நானே அவளைப் படுக்கவைத்துத் தேடினேன். அரை மணி நேரம். விழுங்கினால் கீழே கிடக்கும் சுரப்பி மேலேறும் என்று படித்திருக்கிறேன். விழுங்கச் சொல்லியும் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான், ஏலத்தில் முதல் விலை கூவுமுன் அவள் கழுத்தை எக்கி, எச்சிலை அழுத்தி விழுங்கி, மூச்சைப் பிடிப்பது நினைவுக்கு வந்தது.

"ஏலத்துக்கு மூச்சு புடிப்பியே, அதே மாதிரி புடிம்மா. கூவிடாத."

திரையில், இடது காறை எலும்புக்குப் பின்னாலிருந்து புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்து மறைந்தது. நான்கு முறை செய்யச் சொன்னேன். நான்கு முறையும் அதே இடம். பிறகு எடுத்த சிடி ஸ்கேனும் அதையே சொன்னது. எனக்குக் கர்வமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

இடது பக்கம் மட்டும் திறந்து எடுத்தார்கள். மறுநாள் காலை நான் வராந்தாவில் வரும்போதே வார்டுக்குள்ளிருந்து கேட்டது.

"சிஸ்டர், அத்த கண்டுபுட்ச்சது யாரு தெரியுமா? என் பொண்ணு! நான் ஏலம் வுட்டு படிக்க வெச்ச பொண்ணு!"

நர்ஸ் என்னிடம் ஓடிவந்தாள். "கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க டாக்டர்."

நான் சொல்லவில்லை.