விளிம்பு தாண்டும் வேர்

பக்கிரிசாமிக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. அரசாங்க லாஞ்சுப் படகில் இன்ஜின் டிரைவர். நாகப்பட்டினத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறியவர். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால்கூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, ஜெயமணி ஒன்பது வருஷத்தில் லாங் ஐலண்ட், ரங்கத், கார் நிக்கோபார் என்று மூட்டை கட்டிக் கட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் மாயாபந்தருக்கு வந்து சேர்ந்தாள்.

டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தால் மற்றவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். இந்த மனுஷர் தானே எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்வார். எப்போது எழுதிக் கொடுப்பது என்பதை இலாகா தீர்மானிக்கவில்லை. ஒரு செடி தீர்மானித்தது.

லாங் ஐலண்டில் வெட்டிச் சாய்த்த படாக் மரத்தின் கிளையில் ஒட்டிக்கிடந்த ஆர்க்கிட் அது. பூக்கும்போது நரிவால் மாதிரிக் கொத்தாகத் தொங்கும். அதற்கு மண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போட்ட தொட்டியில்தான் இருக்கும். வேரில் பாதி தொட்டிக்குள், பாதி காற்றில். வெளியே வெள்ளையாகத் தடித்து நிற்கிற வேர், தண்ணீர் தெளித்தால் பச்சையாகிவிடும். அப்படி ஒரு வேர் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் போதும். "இதுக்கே இங்க இடம் பத்தலடி ஜெயா. நமக்கு எங்கேர்ந்து பத்தும்?" என்பார். மறுநாள் மனு போய்விடும்.

புது ஊரில் முதல் வேலை புதுத் தொட்டி. வேர்களை வாளித் தண்ணீரில் ஊறப்போடுவார். காய்ந்த வேரை மடக்கினால் பட்டென்று ஒடியும். ஊறினது சொன்னபடி வளையும். அழுகிக் கூடாகிப்போனதை மட்டும் நறுக்கிவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார். அந்த ஒரு நேரம்தான் மனுஷர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

மாயாபந்தரில் ஜெயமணி தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டாள். வங்காளத்துக்காரிகளும் தெலுங்குக்காரிகளும் ஜாக்கெட் தைக்க வந்தார்கள். போன ஊர்களிலெல்லாம் அவள் 'டிரைவர் சாப் கி அவுரத்', வெறும் டிரைவர் பெண்டாட்டி. இங்கே வீட்டு வாசலில் நின்று, "ஜெயமணி தீதி!" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார்கள். இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது என்று அவளுக்கு ஆசை வந்தது. ஆசை வந்ததும் நிம்மதி போயிற்று.

செடி வேறு மாயாபந்தர் மழையில் தளதளவென்று வேர் விட்டது. அவள் நாலு தையல் போடுவாள், எழுந்துபோய்த் தொட்டியைப் பார்ப்பாள், திரும்பி வந்து நூல் கோப்பாள், மறுபடி எழுந்து போவாள். வாய்விட்டுச் சொல்லக் கூடாதா என்றால், ரங்கத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தவள்தான். "செடியப் பாரு" என்று கையைக் காட்டிவிட்டார். புருஷனோடு வாதாடலாம், செடியோடு எப்படி வாதாடுவது?

அவர் லாஞ்சோடு டிக்ளிப்பூர் பக்கம் போயிருந்த ஒரு பகலில், விளிம்பைத் தொட வந்த வேரின் நுனியைத் தையல் கத்தரிக்கோலால் நறுக்கினாள். அன்றைக்கு மெஷின் நிற்காமல் ஓடியது. அப்புறம் பழகிவிட்டது. அவர் கடலுக்குப் போகிற நாளெல்லாம் ஒரு நறுக்கு.

இலைகள் சுருங்கின. அடியிலை மஞ்சளாகி உதிர்ந்தது. திரும்பி வந்த பக்கிரிசாமி நத்தைமேல் பழியைப் போட்டார். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் கொண்டுவந்து விட்டுப்போனது என்று ஊரே திட்டுகிற, கைப்பிடி அளவு நத்தைகள். விடிந்ததும் டப்பாவில் உப்பை எடுத்துக்கொண்டு வேலியோரம் குனிந்து தேடுவார். "பாவிங்க, ஒரு வேரையும் விடமாட்டேங்குதே!" என்று அவர் புலம்பும்போது, ஜெயமணிக்குச் சிரிப்பு வரவில்லை. செடி செத்துப்போனால் என்ன செய்வார் என்று நினைத்தாள். பிழைத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்றும் நினைத்தாள்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தொட்டியைக் கவிழ்த்தார். உள்ளே மட்டை புளித்துக் கறுத்திருந்தது. உள்வேரெல்லாம் சொதசொதவென்று கையோடு வந்துவிட்டது. இத்தனை நாள் செடி வெளிவேரால்தான் தண்ணீர் குடித்திருக்கிறது. அந்த வெளிவேர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜெயா, நத்தை கத்தரிக்கோல் வச்சிருக்குமா?"

"நான்தாங்க வெட்டினேன்."

"ஏன்டி?"

"தாண்டிட்டா கப்பலேறச் சொல்வீங்க. எனக்கு இந்த ஊர விட்டுப் போகப் புடிக்கல."

கத்துவார் என்று பார்த்தாள். அவர் செடியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"செடி ஒரு சாக்குடி" என்றார். "புது ஊர்ல கொஞ்ச நாளைக்கு யாரும் ஒண்ணும் கேக்கமாட்டான். அப்பறம் பழகிடுறானுங்க. முந்தாநேத்து படகுத்துறை ஜெட்டியில கயிறு கட்டுறவன் கேக்கறான், 'க்யா டிரைவர் சாப், அபி தக் பச்சா நஹீ ஹுவா?'ன்னு. இன்னும் கொழந்த பொறக்கலையான்னு. அப்பிடிக் கேட்டுட்டா, அதுக்கப்பறம் அந்த ஊர்ல எனக்கு மூச்சு முட்டுது."

ஒன்பது வருஷமாக அவருக்குக் காலில்தான் சக்கரம் என்று நினைத்திருந்தாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, ஆத்திரம் முந்திக்கொண்டது.

"உங்ககிட்ட ஒருத்தன் கேட்டான். ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வர்ற ஒவ்வொருத்தியும் என்கிட்ட கேக்கறா. இன்னும் இல்லன்னு சொல்லிட்டு, கை எவ்வளவு எறக்கம் வைக்கணும்னு கேட்டு அளவெடுக்கறேன். நான் எங்கங்க ஓடினேன்?"

அவர் எழுந்துபோய் வாளியில் தண்ணீர் எடுத்து வந்தார். மிச்சமிருந்த வேர்களை ஊறவைத்து, அவள் செடியைப் பிடித்துக்கொள்ள, அவர் புது மட்டையைச் சுற்றிலும் போட்டு இறுக்கினார். வெளியே நீட்டிய ஒரு வேரை அவள் உள்ளே தள்ளப் பார்த்தாள். "அது வெளியிலயே நிக்கட்டும், திணிக்காத" என்றார். குரலில் கோபம் இல்லை.

ஆனால் ஜெட்டிக்காரன் கேட்ட அன்றைக்கே அவர் மனு எழுதிக் கொடுத்திருந்தார். கார் நிக்கோபாருக்கே மறுபடியும் ஆர்டர் வந்தது. செடியில் அப்போதுதான் ஒரு புது வேர் பச்சை நுனியோடு எட்டிப்பார்த்திருந்தது.

"இதுக்குக் கப்பல் காத்து ஆகாதுங்க, புது வேரு..." என்று ஆரம்பித்த ஜெயமணி, பாதியில் நிறுத்தினாள். "செடிய விடுங்க. நான் வரல."

ஊர் வாயில் விழுந்து எழுந்தாள். புருஷனைத் தனியாக அனுப்புகிறாளே என்றார்கள். குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, மளிகைக்கடை செல்லத்தின் வீட்டுப் பின்பக்கம் ஓர் அறை பிடித்து, மெஷினையும் செடியையும் அங்கே கொண்டுபோனாள். பக்கிரிசாமி தடுக்கவில்லை. தன் துணியைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

கப்பல் புறப்படுகிற அன்று அவர் மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஜெட்டியில் நின்றாள். இதற்கு முன் ஒவ்வோர் ஊரிலும் கரையில் நின்றவர்கள் அவர்கள் இருவரையும், "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். எந்த ஊருக்கும் அவர்கள் திரும்பிப் போனதில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். ஜெயமணி ஜெட்டியின் ஓரம் வரைக்கும் ஓடினாள்.

"போயிட்டு வாங்க!" என்று கத்தினாள். "கேக்குதா? வாங்க!"

கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

"வரேன்டி" என்றார் பக்கிரிசாமி.