படம் அறுந்த இடம்

நண்டு வலை இழுக்கப் போன அண்ணன் காலை எட்டு மணிக்கே திரும்பியிருக்க வேண்டும். பதினொன்றாகியும் காணவில்லை. அவருடைய போனுக்கு எடுத்தால் போகவில்லை. காற்று வேறு மாறி அடித்தது. எழுவைதீவுக் கரையில் நின்ற வள்ளங்கள் எல்லாம் தெற்கே தேடப் போய்விட்டன. வடக்கே பார்க்க என் ட்ரோன்தான் மிச்சம். கலியாண வீடுகளில் படம் எடுக்க வாங்கிய சின்னச் சாமான். கடலில் ஆள் தேடுவதற்கா வாங்கினேன்?

ஏற்றினேன். கொஞ்சத் தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு கையிலிருந்த திரையில் கோடு கோடாக விழுந்தது, படம் உறைந்தது, ஒரேயடியாகக் கறுத்தது. தொடர்பு அறுந்தால் அது புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பிவிடும். திரும்பி வந்து என் காலடியில் நல்ல பிள்ளை மாதிரி இறங்கியது. தூக்கிக் கடலில் எறியலாம் போலிருந்தது.

"என்ன தம்பி, ஏதும் தெரிஞ்சுதோ?" என்று அண்ணி ஓடி வந்தார்.

"ஒண்டும் தெரியேல்லை அண்ணி. கோதாரி விழுந்த சாமான், படம் அறுந்து போகுது."

எதனால் அறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுற்றி நின்றவர்களின் போன்களை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அலைவரிசையை மாற்றினேன். தகரக் கொட்டிலை விட்டு விலகி, கவிழ்த்து வைத்திருந்த பழைய வள்ளத்தின் மேல் ஏறி நின்று மறுபடி ஏற்றினேன். அதே தூரம், அதே கோடு, அதே கறுப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பற்றறி மாற்றக் குனிந்தபோதுதான் ட்ரோனின் முன்காலில் சுற்றி ஒட்டியிருந்த கறுப்பு ரேப்பைக் கண்டேன். அந்தக் காலுக்குள்தான் சிக்னல் பிடிக்கும் அன்ரெனா இருக்கிறது.

"இது ஆர் சுத்தினது?"

"நான்தான். போன கிழமை இது பனை மரத்திலை அடிபடப் பாத்ததெல்லோ? கோயிலிலை ஓதின செப்புத் தகடு. சொன்னா நீர் சிரிப்பீர் எண்டு சொல்லேல்லை."

"விசரே அண்ணி உங்களுக்கு! செம்பு சுத்தினா சிக்னல் எப்பிடி வரும்?"

கத்தியிருக்கக் கூடாது. கலியாண வீடுகளில் கிட்டவே பறக்கவிட்டதால் எனக்கும்தான் இந்தக் குறை தெரியாமல் போனது.  அண்ணி ட்ரோனைப் பறித்து, ரேப்பைப் பல்லால் கடித்து இழுத்து, தகட்டை உரித்து எறிந்தார்.

"இப்ப விடும் தம்பி. கெதியா விடும்!"

மூன்றாம் முறை ஒரு கோடும் விழவில்லை. முன்பு இரண்டு தரமும் படம் அறுந்த அதே இடத்தில் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் அண்ணன் குப்புறக் கிடந்தார். ட்ரோனை நான் எவ்வளவு தாழப் பதித்தும் அவர் தலை தூக்கவில்லை. "ஐயோ, அசையிறாரில்லை," என்று அண்ணி என் தோளைப் பிறாண்டினார். தெற்கே போனவர்களுக்குப் போனில் இடத்தைச் சொன்னேன். அவர்கள் போய் அவரைத் தூக்கும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பின்னேரம் அண்ணன் போர்வைக்குள் இருந்து தேநீர் குடித்தார். வந்தவர்கள் எல்லாம் என் முதுகில் தட்டினார்கள். அவர்கள் போனபிறகு அண்ணன் மெல்லச் சொன்னார்.

"உன்ரை ட்ரோன் முதல் தரம் என்ரை தலைக்கு மேலை வந்தது. கையைக் காட்டினனான், கண்டிட்டாய் எண்டு சந்தோசம். ஒருத்தரும் வரேல்லை. ரெண்டாந்தரம் போட்டிருந்த சேட்டைக் கழட்டி வீசினனான். அதுவும் திரும்பிப் போட்டுது."

தேநீரைக் கீழே வைத்தார்.

"மூண்டாந்தரமும் சத்தம் கேட்டதடா. நான் நிமிர்ந்து பாக்கேல்லை."