'கம்' இல்லாத சோபா

மடிப்பக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். அதற்காக ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தார். பிறகு அவரே போனை எடுத்து "மடிப்பக்கா பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடம் எங்களுடையது. தேய்க்கிற ரோலரிலிருந்து சூடாக இறங்கும் விரிப்பில் இரண்டு முனையை அவர் பிடிப்பார், இரண்டை நான் பிடிப்பேன். ஒரு உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்போம்; மறுபடி விலகுவோம். இயந்திரச் சத்தத்தில் தள்ளி நின்றால் ஒன்றும் காதில் விழாது. அதனால் எங்கள் பேச்செல்லாம் கிட்டே வரும்போதுதான். ஒரு விரிப்பில் தொடங்கின பேச்சு அடுத்த விரிப்பில்தான் முடியும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு விலகுவதும் சமாதானமாகி நெருங்குவதுமாக இருக்கிறோம் என்று தோன்றும்.

சோபா விஷயத்தில் அது உண்மையாகவே நடந்தது.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டின வயது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கட்டினவன் சொல்லாமல் கொள்ளாமல் வேறொருத்தியோடு போய்விட்டான். "போறவன் போகட்டும், என் குடைய எதுக்கு எடுத்துட்டுப் போனான்? அன்னிக்கு மழைகூட இல்ல" என்பார். அந்தக் கதையில் அவருக்கு அதற்குமேல் அக்கறை கிடையாது. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார். தம்பி மனைவிக்கு அப்போதுதான் பெண் பிறந்திருந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், அந்தப் பாப்பா பள்ளிக்கூடம் முடித்துப் பெரிய பெண்ணாகும்வரை இருந்துவிட்டார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பிள்ளை வளர்க்க வந்தவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

தம்பியைக் குறை சொல்ல முடியாது. நான் சொன்னாலும் அக்கா விடமாட்டார். ஒரு சுடுசொல் பேசாத மனிதர். வீடுதான் சின்னது: ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சமையலறை. அக்கா ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். ஒரு குளிர்காலத்தில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. உடனே தம்பி கடைக்குப் போய் ஒரு சோபா கம் பெட் வாங்கி வந்து போட்டார். பகலில் மடித்தால் சோபா, இரவில் இழுத்தால் கட்டில். "உனக்காகத்தான்க்கா வாங்கினேன்" என்றாராம். அக்கா அதைச் சொல்லும்போது இப்போதும் முகம் மலர்ந்துதான் சொல்வார்.

எங்கள் சலவைக்கூடம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாறியது. அங்கிருந்து தினமும் வந்துபோக முடியாது என்று அக்கா பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தார். மாடியில் ஒரு ஹால், ஒரு அறை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று கட்டில் வாங்கினார். சின்னதாக வாங்கவில்லை. கைகள் இரண்டையும் விரித்தாலும் விளிம்பு தட்டாத பெரிய கட்டில். "நடுவுலயே படுக்கறேன்டி. ரெண்டு பக்கமும் சும்மா கிடக்கு" என்று ஒரு வாரம் பூராவும் விரிப்புக்கு விரிப்பு அதே பேச்சுதான். ஹால் மட்டும் காலியாகக் கிடந்தது. யார் போனாலும் தரையில்தான் உட்கார வேண்டும்.

அப்போதுதான் தம்பியிடமிருந்து போன் வந்தது. பாப்பாவுக்கு எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் லேப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. "அக்கா, ஒரு சோபா கம் பெட் வாங்கி ஹால்ல போட்டுடு. பாப்பா அதுலயே படுத்துக்குவா. உனக்கு வசதிப்படாதுன்னா சொல்லு, ஹாஸ்டல் பாக்கறேன்" என்றார். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடுத்த நாள் விரிப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன்க்கா, அந்தப் பொண்ணு வரது பிடிக்கலயா?"

அவர் முனையைச் சேர்க்க வந்தார். "பிடிக்கலயாவா? அவளுக்குப் பல்லு முளைச்சதே என் விரலக் கடிச்சுத்தான். அவ வரலன்னா அந்த வீடு எனக்கு எதுக்கு?" விலகிப் போனார். திரும்பி வந்தபோது, "சோபா கம் பெட்தான் பிடிக்கல" என்றார்.

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. வேணாம்னு சொல்றீங்களே."

"நீ தின்னு பாத்திருக்கியா? ரெண்டும் புளிக்கும்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பிடிவாதம் இது, நன்றாயிருந்த உறவு ஒரு சோபாவால் கெடப்போகிறது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுக்க வெறும் முனைகளைத்தான் சேர்த்தோம்.

இருந்தாலும் கடைக்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். பேரம் பேச ஆள் வேண்டுமே. அவர் கட்டில் வாங்கின அதே கடை; கடைக்காரர் பேச்சில் சூரர். எங்களைப் பார்த்ததும் ஒரு சோபா கம் பெட்டின் அடியிலிருந்த பட்டையைப் பிடித்து இழுத்தார். அது முனகிக்கொண்டே கால் நீட்டியது. "உக்காரவும் ஆச்சு, படுக்கவும் ஆச்சு. சின்ன வீட்டுக்குன்னே செஞ்சதும்மா" என்றார். அக்கா குனிந்து, மெத்தையின் நடுவில் கையை வைத்து அழுத்தினார். உள்ளே இருக்கிற குறுக்குக் கம்பி எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பி தட்டுப்பட்டதும் பழைய ஆளைப் பார்த்ததுபோலத் தலையாட்டினார்.

பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, கம் கம்முங்கறீங்களே. கம்னா 'வா'ன்னுதானே அர்த்தம்? வந்து படுன்னு கூப்பிடற சோபான்னுதானே?"

கடைக்காரர் சிரித்தார். "அந்த கம் வேறம்மா. இது சேத்துச் சொல்றது. சோபாவும்தான், பெட்டும்தான். அவ்வளவுதான் அர்த்தம். யாரையும் கூப்பிடறதில்ல."

நான் கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். சிரிப்பு அடங்கினதும், "இத்தன வருஷமா என்ன வான்னு கூப்பிடறதாவே நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். எனக்கு அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

கடைக்காரருக்கு வியாபாரம் கைநழுவுகிறது என்று தெரிந்துவிட்டது. "வீட்டுக்கு நாலு பேர் வந்தா உதவும்மா" என்றார்.

"வரவங்கள வான்னு கூப்பிட எனக்கு வாய் இருக்கு. நீ உக்கார மட்டும் ஒண்ணு காட்டு."

வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அக்கா இருவர் உட்காரும் மரச் சோபா ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இரு பக்கமும் உயரமான கைப்பிடி. ஒரு குழந்தைகூட அதில் கால் நீட்டிப் படுக்க முடியாது. பேரம் பேசத்தான் போனேன், ஆனால் சொன்ன விலைக்கே விட்டுவிட்டேன். அவர் அதோடு நிற்காமல் கடைக்காரரைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ கேட்டார். கொண்டுவந்து இறக்குவதைப் பற்றியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விரிப்பு மடிக்கும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"சோபா கம் பெட்ல படுக்கறவளுக்கு, வீட்ல எல்லாரும் அத விட்டு எழுந்தப்புறம்தான்டி படுக்கை." விலகினார். வந்தார். "சீரியல் முடியணும். அப்புறம் நியூஸ். அப்புறம் மேட்ச் இருந்தா அது. எனக்குக் கண்ணு சொக்கும். 'நீங்கல்லாம் பாத்து முடிங்க, நான் அப்புறம் படுத்துக்கறேன்'னு சமையல்கட்டுல போய் நின்னுக்குவேன். அவங்க யாரும் என்ன நிக்கச் சொல்லல. ஆனா நிக்காம எங்க போறது?"

அடுத்த விரிப்பு.

"ஒரு தடவ எனக்குக் காய்ச்சல். நல்ல காய்ச்சல். விஷயம் தெரிஞ்சு சொந்தக்காரங்க விசாரிக்க வந்துட்டாங்க. வந்தவங்கள உக்கார வைக்கணுமில்ல? கட்டில மடிச்சோம். எல்லாரும் வரிசையா அதுமேல உக்காந்து, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. நான் சுவரப் பிடிச்சு நின்னுக்கிட்டே, பரவாயில்லன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. கையிலிருந்த முனையை நழுவ விட்டேன். வெள்ளை விரிப்பு தரையில் விழுந்தது. மறுபடி வெளுக்கப் போட வேண்டியதாயிற்று. மேற்பார்வையாளரிடம் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

அன்று மாலை தம்பி போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், ஊருக்கே கேட்கும். "சோபாதான் வாங்கினேன். வெறும் சோபா" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "சரிக்கா. உனக்கும் இப்பத்தான ஒரு தனி வீடு அமைஞ்சிருக்கு. பாப்பாவ ஹாஸ்டல்லயே சேத்துடறேன்" என்றது குரல். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அக்கா, "சேக்கறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை நீயும் அவளும் வந்து வீட்டப் பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். வைத்த பிறகு போனைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். பயந்துபோயிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். பாப்பாவின் பெட்டி கீழே வண்டியிலேயே இருந்தது. இங்கிருந்து நேரே ஹாஸ்டலுக்குப் போவதாகத் திட்டம். நானும் போயிருந்தேன். வேண்டாம் என்று சொன்னாலும் போயிருப்பேன்.

ஹாலைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. முன்பு அறைக்குள் இருந்த பீரோ இப்போது ஹாலில், சோபாவை இடித்துக்கொண்டு நின்றது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தம்பி சோபாவில் உட்கார்ந்து ஹாலைக் கண்ணால் அளந்தார். மகள் படுக்க ஒரு இடம் அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. ஹாஸ்டல் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மடித்தபடியே கையில் வைத்துக்கொண்டார். அக்கா டீ கொடுத்தார். வழியில் நெரிசல், ஆஸ்பத்திரியில் எத்தனை மாடி, தம்பி மனைவிக்கு ஏன் லீவு கிடைக்கவில்லை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது.

பாப்பாவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. சோபா ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தலை வலிக்குதாடி?" என்றார் அக்கா.

"கொஞ்சம். நீங்கல்லாம் பேசி முடிங்க அத்தை, நான் அப்புறம் படுத்துக்கறேன்."

அக்காவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வாக்கியத்தை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து தினமும் காதில் விழுந்தது. பேச்சு கற்றுக்கொண்ட மாதிரி அதையும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அக்கா எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தார். உள்ளே அந்தப் பெரிய கட்டில் இல்லை. அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து, ஒற்றைக் கட்டில் இரண்டாக வாங்கிப் போட்டிருந்தார். கடைக்காரரைத் தனியாக அழைத்துப் பேசியது இதற்குத்தான். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்குத்தான் இடம். ஜன்னலோரக் கட்டிலில் புது விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல். அதில் அவர் கைவண்ணம் தெரிந்தது. கை விரித்தால் விளிம்பு தட்டாத கட்டில்! ஒரு மாதம்கூட முழுசாக அதில் படுக்கவில்லையே.

"அது உன் கட்டில். போய்ப் படு" என்றார் பாப்பாவிடம். "எப்ப தோணுதோ அப்பப் படு. வீட்ல யாரு வந்து உக்காந்திருந்தாலும் சரி."

அவள் அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், உள்ளே போய்ப் படுத்தாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

தம்பிக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்னக்கா இது, பெரியவங்க பேசிட்டிருக்கும்போது இவ பாட்டுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"படுக்கட்டும்ப்பா. நாம பேசறதுக்கு என்ன? அவ கட்டில்மேல நாம யாரும் உக்காந்திருக்கலயே."

அக்கா குத்திக்காட்டிப் பேசத் தெரியாதவர். உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் தம்பி டீயை அப்படியே கீழே வைத்தார். சாத்தின கதவைப் பார்த்தார். பிறகு, தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருப்பா" என்றார் அக்கா. "இது வெறும் சோபா."

அவர் உட்காரவில்லை. கையிலிருந்த ஹாஸ்டல் காகிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோமேல் வைத்துவிட்டு, பாப்பாவின் பெட்டியை எடுத்துவரக் கீழே இறங்கிப் போனார்.